பொங்கலுக்கு வைத்த சேட்டு

நெளுக்குளம்
10.09.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன்னை ஞாபகப்படுத்துகிறது. உங்கள் இருமல் எப்படி? போனில் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, உங்களுக்குக் கேட்பதில்லை. அதனால் கடிதத்தையும் ஒரு பார்சலையும் மல்லாவி பஸ் கொண்டக்டர் பிரசாந்தனிடம் கொடுத்துவிடுகிறேன்.

பென்சன் எடுத்த பிறகும் ஏன் மறியல், கோடு, நீதவான் என்று அலைகிறாய் என்று கேட்டீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் படிப்பிக்கத் தொடங்கிய வருடம், வரவு இடாப்பின் மேல் யாரோ மையைக் கொட்டிவிட்டார்கள். கையில் மை இருந்த பிள்ளையைப் பிடித்து வெளியே நிறுத்தினேன். அவன் தலை குனிந்தபடி நின்றான். மூன்றாம் பாடம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவன் கொட்டியவன் அல்ல, துடைத்தவன். ‘ஏனடா சொல்லேல்லை?’ என்று கேட்டேன். ‘நீங்கள் கேக்கேல்லை, ரீச்சர்’ என்றான்.

எங்கள் ‘கூடநிற்போர் வட்டம்’ செய்வது அவ்வளவுதான். கேட்பது. வழக்கு முடியுமுன் விளக்கமறியலில் அடைபட்டிருப்பவர்களின் வீட்டாருக்கு வழக்குத் தவணைத் திகதியைச் சொல்கிறோம், சட்டத்தரணியிடம் கூட்டிப்போகிறோம், வெளியே வந்தவருக்கு வேலை தேடுகிறோம். கிழிந்த உடுப்போடு நீதவான் முன் நிற்பவரை எல்லோரும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். அதனால் பிரான்சில் இருக்கும் என் பழைய மாணவி யதுர்ஷிகா ஒரு துணிக்கட்டு அனுப்பினாள். ஏழு பேருக்குச் சேட்டுத் தைத்துக் கொடுத்தோம். மிஞ்சிய துணியில் எட்டாவது உங்களுக்கு. உங்கள் அளவு எனக்குத் தெரியும்.

வெயிலில் நிற்காதீர்கள்.

உங்கள் தங்கச்சி,
கமலாசனி


மல்லாவி
24.09.2023

அன்புத் தங்கச்சி கமலாவுக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. இருமல் போய்விட்டது, சளி இருக்கிறது. முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு.

மறியல்காரருக்குத் தைத்த துணியில் எனக்கும் ஒன்றா? நல்ல மரியாதை. பார்சலைப் பிரிக்கவில்லை. அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும்: புதுத்துணி பொங்கலன்று மஞ்சள் தொட்டுத்தான் உடம்பில் ஏற வேண்டும். அலுமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

வெங்காயத்தை இந்தமுறை கைவிட்டுவிட்டேன். தண்ணீர் இறைக்க வசதிப்படவில்லை. வேறு விசேடம் ஒன்றும் இல்லை. கமக்காரர் அமைப்பில் மறுபடியும் என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். காது கேட்காதவன் என்றால் கூட்டத்தில் சண்டை வராதாம்.

பொங்கலுக்கு வழமைபோல் வருவாய்தானே?

அண்ணா,
ஏரம்பு


நெளுக்குளம்
08.10.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளிக்கு ஆடாதோடை அவித்துக் குடியுங்கள். இங்கே மழை இருட்டிக்கொண்டு நிற்கிறது, பெய்கிறதில்லை.

ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் ஊர் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் வீரம்மாவைத் தெரிந்திருக்கும். மலையகத்திலிருந்து வந்து கூலி வேலை செய்து பிள்ளையை வளர்த்தவா. மகன் தர்ஷன் ஒரு களவு வழக்கில் நாலு கிழமையாக விளக்கமறியலில் இருக்கிறான். எங்களுக்குப் புதியவன் அல்ல. ஆடி மாதம் அனுமதியில்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தில் கூலிக்கு நின்று பிடிபட்டபோது நாங்கள்தான் கூட நின்றோம்.

நீதவான் பிணை கொடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பிரிவிலேயே நிரந்தரமாக இருக்கும் இரண்டு பேர், கிராம அலுவலரின் உறுதிக் கடிதத்தோடு வந்து கையெழுத்து வைக்க வேண்டும். கடைக்கார நாகேஸ்வரி ஒருவர் ஓம் என்றுவிட்டா. வீரம்மாவின் சொந்தக்காரர் ஒருவருக்கும் காணி உறுதி கிடையாது, அவர்களுடைய கையெழுத்தை எடுக்கமாட்டார்கள். நான் இந்த மாவட்டம், என்னாலும் முடியாது. நீங்கள் வைத்தால் அடுத்த தவணையிலேயே அவன் வெளியே வந்து விதைப்புக்கு நின்றுவிடுவான். அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கிறானாம்.

உங்கள் பதிலை வீரம்மாவும் என்னோடு பார்த்துக்கொண்டிருக்கிறா.

கமலாசனி


மல்லாவி
15.10.2023

கமலாவுக்கு,

நான் சுகம். மற்றதைக் கேள்.

தர்ஷன் எடுத்தது என்னுடைய பம்ப்.

உனக்குச் சொல்லாமல் விட்டது என் பிழை. சொன்னால் ‘தனிய இருந்தது காணும், நெளுக்குளத்துக்கு வாங்கோ’ என்று தொடங்குவாய். அதனால்தான் வெங்காயத்தை வசதிப்படவில்லை என்று எழுதினேன். மூன்று வரம்பு வெங்காயம் நின்ற நிலையில் காய்ந்தது. நான் வாளியால் அள்ளி ஊற்றிப் பார்த்தேன். எழுபது வயதில்.

செப்டெம்பர் பன்னிரண்டு, விடிந்து வெளிச்சம் வரும் நேரம். நான் வயலுக்குப் போகிறேன், ஒருத்தன் பம்பைச் சைக்கிளில் கட்டிக் குளக்கட்டால் உருட்டிக்கொண்டு போகிறான். கத்தினேன். ஏறி மிதித்துவிட்டான். முதுகுப்பக்கம் நன்றாகக் கண்டேன். வெளிர்நீலச் சேட்டு, அதில் செங்கல் நிறத்தில் அகலக் கோடுகள். இந்த வன்னியில் அப்படி ஒரு சேட்டை நான் ஒருத்தரிலும் கண்டதில்லை. பொலிஸில் அதையே அடையாளமாகச் சொன்னேன்; அடுத்தநாள் அங்கே வாங்கில் அதே சேட்டோடு குனிந்துகொண்டு இருந்தான். ‘இவன்தானா ஐயா?’ என்று கேட்டார்கள். ‘ஓம், இவன்தான்’ என்றேன். கடைசிவரை முகத்தை நிமிர்த்தவே இல்லை. செய்தவன் எப்படி நிமிர்த்துவான்?

இனி உன்னுடைய மை கொட்டிய கதையை எனக்குச் சொல்லாதே. உங்கள் வட்டம் யாரோடு கூட நிற்கிறது என்று பார்த்தாயா?

ஏரம்பு


நெளுக்குளம்
18.10.2023

அன்புள்ள சட்டத்தரணி சிவரூபிக்கு,

வணக்கம், பிள்ளை. உங்கள் குட்டிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா?

தொலைபேசியில் சொல்ல எனக்கு நா வரவில்லை. தர்ஷனின் வழக்கில் முறைப்பாட்டுக்காரர் என் சொந்த அண்ணன். நேற்றுமுன்தினம் வந்த அவருடைய கடிதத்தில்தான் அறிந்தேன். இனி இந்த வழக்கில் நான் எதையும் தொடக்கூடாது என்று நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. அண்ணா கண்டது முகத்தை அல்ல, சேட்டை. அவர் எழுதியிருக்கும் நீலமும் செங்கல் கோடும் யதுர்ஷிகா அனுப்பிய துணி. அப்படி ஒரு சேட்டு தர்ஷனிடம் மட்டுமில்லை, இன்னும் ஆறு பேரிடம் இருக்கிறது. நாங்கள்தான் தைத்துக் கொடுத்தோம். நல்லது செய்வதாக நினைத்து ஏழு பேருக்கும் ஒரே முதுகைக் கொடுத்துவிட்டோம்.

எட்டாவது சேட்டு அண்ணாவின் அலுமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. பொங்கலுக்கென்று வைத்திருக்கிறார். ‘பார்சலைப் பிரித்துப் பாருங்கோ’ என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதட்டுமா?

கமலாசனி


வவுனியா
21.10.2023

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

குட்டி சுகம், நேற்று பள்ளிக்கூடம் போனாள். விசாரித்ததற்கு நன்றி.

எழுதாதீர்கள். ஒரு வரியும் வேண்டாம்.

உங்கள் அண்ணா சாட்சி. நீங்கள் வழக்கின் எதிரியான தர்ஷனுக்கு உதவும் அமைப்பின் செயலாளர். நீங்கள் ஒரு சொல் சொன்ன பிறகு அவர் வந்து உண்மையைச் சொன்னாலும், ‘தங்கச்சி சாட்சியை மாற்றிவிட்டா’ என்பார்கள். பிறகு அந்த உண்மையால் தர்ஷனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நீங்கள் விலகுவது சரி. வழக்கை நான் பார்க்கிறேன்.

சேட்டு விடயத்தை வழக்கு விளக்கத்தில், சாட்சிகளைக் கேட்கும்போதுதான் எழுப்ப முடியும். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். எழுப்பினால் மற்ற ஆறு பேரின் பெயரும் கேட்பார்கள். அவர்கள் எங்களை நம்பி வந்தவர்கள். அதையும் யோசியுங்கள்.

இப்போதைக்கு எங்களுக்கு வேண்டியது இரண்டாவது பிணையாளி. உங்கள் அண்ணாவின் சொல்லைத் தாண்டி அந்த ஊரில் ஒருவரும் கையெழுத்து வைக்கிறார்கள் இல்லை.

சிவரூபி


நெளுக்குளம்
05.11.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பம்ப் போனதும் வெங்காயம் காய்ந்ததும் எனக்கு மிகவும் கவலை. இனி வாளி தூக்காதீர்கள்.

அந்த வழக்கிலிருந்து நான் விலகிவிட்டேன். இனி அதைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் எழுதமாட்டேன். நீங்களும் எழுதவேண்டாம்.

மழை தொடங்கிவிட்டது. குளம் எத்தனை அடி? முழங்கால் முன்னைப்போல்தான்.

கமலாசனி


மல்லாவி
10.12.2023

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். உன்னுடைய கடிதம் உன் கையெழுத்தில் வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது. நாற்பது வருடமாக எனக்கு உதாரணம் உதாரணமாக எழுதித் தள்ளியவள் நீ. இப்போது குளம் எத்தனை அடி என்று கேட்கிறாய். பதினெட்டு அடி. போதுமா?

எழுதவேண்டாம் என்றாய், நான் எழுதத்தான் போகிறேன்.

போன கிழமை வீரம்மா வாசல் படலையடியில் வந்து நின்றா. முதலில் இரந்தா. ‘நீங்க கையெழுத்துப் போட வேணாம் ஐயா, போட வாற ஆளத் தடுக்காம இருந்தாப் போதும்ங்க’ என்றா. ‘நான் ஒருத்தரையும் தடுக்கேல்லை’ என்றேன். அது உண்மைதான். நல்லதம்பி கையெழுத்து வைக்க ஆயத்தமாக இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணிக் கடையில் அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவன் வைக்கவில்லை.

பிறகு வீரம்மா படலையைப் பிடித்துக்கொண்டு, எனக்குக் கேட்கட்டும் என்று உரத்துக் கேட்டா: ‘எம் புள்ள மூஞ்சிய நீங்க பாத்தீங்களா ஐயா?’

நாய் குரைத்தது. நான் உள்ளே வந்துவிட்டேன்.

தர்ஷனின் அரை ஏக்கர் என் வாய்க்கால் ஓரத்தில்தான் இருக்கிறது. சுற்றிவர நெல் முழங்கால் உயரம், நடுவில் அது மட்டும் வெறும் தரை. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது.

நான் பொய் சொன்னேன் என்று நினைக்கிறாயா? அதையாவது சொல்லு.

ஏரம்பு


நெளுக்குளம்
24.12.2023

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் பொய் சொல்லத் தெரியாதவர். அதை நான் யாருக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

இதற்குமேல் எழுதினால் என் கை நிற்காது. அதனால் இதோடு விடுகிறேன்.

இம்முறை பொங்கலுக்கு என்னால் வர முடியாது. முழங்காலைச் சாட்டாகச் சொல்லலாம், உங்களுக்குப் பொய் எழுத மனமில்லை. வரக்கூடாது, அதனால் வரவில்லை. எனக்காகக் காத்திருந்து பொங்கலைப் பிந்தவிடாதீர்கள். எப்போதும் செய்வதுபோல எல்லாவற்றையும் முறைப்படி செய்யுங்கள்.

சுவாமி கும்பிடும்போது என்னையும் நினையுங்கள்.

கமலாசனி


மல்லாவி
18.01.2024

கமலா,

நீ சுகமோ என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு மனம் வரவில்லை.

பொங்கலன்று விடிய முற்றம் மெழுகி, பானை வைத்து, சேட்டுக்கு மஞ்சள் தொட என்று பார்சலைப் பிரித்தேன். பிரித்த உடனேயே மூடினேன். பிறகு திரும்பப் பிரித்தேன். நீலம். செங்கல் கோடு. பால் பொங்கி அடுப்பை அணைத்ததை நான் காணவில்லை.

ஏழு பேருக்குத் தைத்தோம் என்று நீ எழுதியிருந்தாய். தர்ஷன் உங்களுக்குத் தெரிந்தவன் என்றும் எழுதியிருந்தாய். இரண்டு கடிதமும் என் கையில்தான் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை. அதுதான் உண்மை.

மஞ்சளைத் தொட்டுச் சேட்டைப் போட்டேன். ஏன் என்று கேட்காதே. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, அன்று அவன் போன அதே குளக்கட்டால் பிள்ளையார் கோயில் பக்கம் நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பியது.

வீரம்மா. ஆட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டு நின்றிருக்கிறா. மூச்சு வாங்க முடியாமல் நின்றா. என் முகத்தைக் கண்டதும் கையை நெருப்பில் வைத்ததுபோல எடுத்தா. கோயிலுக்கு வந்த நாகேஸ்வரிதான் பிறகு சொன்னா: ‘தர்ஷா, தர்ஷா எண்டு கட்டு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடி வந்தவா அண்ணை. உங்களுக்குத்தான் கேக்கேல்லை.’

பெற்ற தாய், கமலா. நல்ல வெளிச்சத்தில்.

நேற்று பொலிஸுக்குப் போனேன். ‘ஐயா, அவன்தான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்’ என்று சினந்தார்கள். ‘சேட்டைக் கண்டனான். ஆளைச் சொல்லிப்போட்டன். முகம் காணேல்லை. எழுதுங்கோ’ என்றேன். மூன்று தரம் சொன்ன பிறகு எழுதினார்கள். சேட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உனக்கு இது எப்போது தெரியும்?

ஏரம்பு


நெளுக்குளம்
24.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒக்டோபர் பதினாறு. உங்கள் கடிதத்தில் சேட்டின் நிறத்தை வாசித்த அந்த நிமிடத்திலிருந்து தெரியும்.

நூறு நாள். ஒவ்வொரு நாளும் அந்த அலுமாரியைத்தான் நினைத்தேன். நான் சொல்லியிருந்தால் அது உங்கள் வாயில் வந்த என் சொல்லாகப் போயிருக்கும். ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளை கணக்கில் பிழைவிடும்போது விடையைச் சொல்லிக் கொடுத்தால் அந்தக் கணக்கு அவனுடையது ஆகாது என்று நாற்பது வருடம் படிப்பித்தவள் நான். ஆனால் அந்தப் பிள்ளை பிழையான விடையோடு இருந்த நேரமெல்லாம் வேறொருவன் சிறையில் இருக்கவில்லை. நான் செய்தது சட்டப்படி சரி. அது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நீங்கள் என்னோடு கோபிக்கலாம்.

வட்டத்தின் கூட்டம் சனிக்கிழமை நடந்தது. ‘எங்கட சேட்டு எண்டு வெளிய தெரிஞ்சால் இனி ஆர் எங்களுக்கு உதவுவினம்?’ என்று இரஞ்சிதம் அழுதா. மறைத்தால் நாங்கள் எதற்கு இருக்கிறோம் என்று கேட்டேன். பெயர்களை நாங்களாகக் கொடுப்பதில்லை, முதலில் அந்த ஆறு பேரிடமும் சொல்வது என்று முடிவானது. ஐந்து பேர் தாங்களாகவே வந்து, எந்த விசாரணைக்கும் வருவோம் என்றார்கள். ஆறாவது ஆளின் போன் வேலை செய்யவில்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது.

அந்தப் பெயரை நான் உங்களுக்கு எழுதமாட்டேன் அண்ணா, பம்ப் உங்களுடையதாக இருந்தாலும். பூட்டிய வீடும் ஒரு முதுகு மாதிரித்தான்.

இரவில் நித்திரை வருகிறதா? சாப்பாட்டை விடாதீர்கள்.

கமலாசனி


மல்லாவி
07.02.2024

அன்புத் தங்கச்சி கமலாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? எனக்குச் சாப்பாடு இறங்குகிறது. நித்திரை பரவாயில்லை. உன்னோடு கோபித்தேன்தான், பத்து நாள். பிறகு கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கிராம அலுவலரிடம் போய், ‘தர்ஷனுக்கு நானே பிணை வைக்கிறன்’ என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ‘ஐயா, முறைப்பாட்டுக்காரனும் நீங்கள், பிணையாளியும் நீங்களோ? நீதவான் என்னை உள்ளுக்குப் போட்டுவிடுவார்’ என்றார். வெளியே வந்து நல்லதம்பியிடம் கேட்டேன். ‘இதை அண்டைக்கே கேட்டிருக்கலாமே’ என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தான்.

நேற்றுத் தவணை. தர்ஷனுடையதும் என்னுடையதுமாக இரண்டு சேட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். எது யாருடையது என்று நீதவான் கேட்டார். ஓரத்தில் மஞ்சள் தொட்டிருந்தபடியால்தான் என்னுடையதை நான் காட்ட முடிந்தது. பிணையில் போகச் சொன்னார். வழக்கு இன்னும் முடியவில்லை. சட்டமா அதிபர், அது இதென்று இன்னும் ஒரு தவணை இருக்கிறதாம், சிவரூபிப் பிள்ளை சொல்வா.

இனி ஒரே துணியில் தைக்காதே. மல்லாவிச் சந்தையில் துண்டுத் துணி எடுக்கலாம், ஆளுக்கொரு நிறம். நான் பார்த்து எடுத்து பிரசாந்தனிடம் கொடுத்துவிடுகிறேன்.

கோட்டு விறாந்தையில் வீரம்மாவும் மகனும் நின்றார்கள். வீரம்மா என்னைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டா. தர்ஷன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அந்த முகத்தை முதல்முதலாகப் பார்க்கிறேன். இடது புருவத்தைப் பிரித்துக்கொண்டு ஒரு தழும்பு, முன்பல் ஒன்று பாதி. ஒருதரம் கண்டிருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

ஏதோ சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டி, திரும்பச் சொல்லு என்றேன். கிட்ட வந்து, விறாந்தை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி உரத்துக் கேட்டான்.

‘பம்ப் கிடைச்சிட்டுதா ஐயா?’

இல்லை என்றேன்.

உன் அண்ணா,
ஏரம்பு